ஆய்வுகூடத்தில் உழைத்த குரங்குகளும் நமது கடனும்

முசுகுந்தச் சக்கரவர்த்தியின் சரித்திரத்தைத் தம் மாணாக்கருக்குச் சொல்லாத சைவாசிரியர் இலர். வில்வ மரத்திலிருந்த குரங்கொன்று, தான் செய்வது இன்னதென்று அறியாமலே, கீழே எழுந்தருளியிருந்த அம்மையப்பர்மீது இலைகளைப் பறித்துப் பறித்து இட்டது. சிவபெருமான் அதனைப் பூசையாக ஏற்று, அக்குரங்கை மண்ணாளும் மன்னனாகப் பிறக்கும்படி அருளினார். அம்மன்னனும் பழைய பிறப்பை மறவாதிருத்தற்பொருட்டுக் குரங்குமுகத்தையே வேண்டிப் பெற்றான். கந்தபுராணப் படிப்பிலே இப்பகுதி வரும்போது கேட்போர் சிரித்தலும் உண்டு, கண்ணீர் விடுதலும் உண்டு. ஆயினும் இக்கதையின் உள்ளே நிற்கும் ஒன்றை நாம் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை. அறியாது செய்த உபகாரத்தையும் இறைவன் உபகாரமாகவே கணக்கிட்டான் என்பதே அது. ‘அதற்கு அறிவில்லை, ஆதலின் அதற்குப் பயனும் இல்லை’ என்று அவன் தள்ளினானல்லன்.

இதனை இப்பொழுது எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மானுடரின் ஆய்வுகூடங்களிலே குரங்கினம் அறியாது செய்த உபகாரம் பெரிது. குருதியின் வகையைக் குறிக்கும்போது ‘ஆர்.எச்.’ என்று எழுதுகின்றோமே, அவை ரீசஸ் என்னும் இந்தியக் குரங்கின் ஆங்கிலப் பெயரில் முதலில் நிற்கும் இரண்டெழுத்துக்கள். 1940 ஆம் ஆண்டில் லான்ட்ஸ்டைனர், வீனர் என்னும் இருவர் அக்குரங்கின் குருதியைக் கொண்டு செய்த ஆராய்ச்சியினால் வந்த பெயர் அது. இளம்பிள்ளைவாதத்துக்கு 1955 இல் வழக்கத்துக்கு வந்த தடுப்பு மருந்து, குரங்கின் சிறுநீரகத்தினின்று எடுத்த உயிரணுக்களிலே கிருமியை வளர்த்துச் செய்யப்பட்டது. அதன்பொருட்டு இந்தியாவினின்று பல்லாயிரம் குரங்குகள் பிடித்தேற்றப்பட்டன. இந்திய அரசாங்கம் 1978 இலே அவ்வேற்றுமதியை நிறுத்திவிட்டது. பி வகை ஈரலழற்சிக்குரிய தடுப்பு மருந்தோ, வாலில்லாக் குரங்காகிய சிம்பன்சியிடத்திலே சோதிக்கப்பட்டது. இவ்விரு மருந்தும் இலங்கையிலே நம் பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுகின்றன. ஆதலின் கடன்பட்டோர் அமெரிக்கரும் ஐரோப்பியரும் மாத்திரம் அல்லர்.

இவ்வகை ஆராய்ச்சி ஆகுமா ஆகாதா என்னும் வாதத்தை இங்கு நாம் தொடங்கவில்லை. அதற்குச் சைவர் சொல்லும் விடையைத் தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதுமில்லை. ஆயினும் பயனை உண்டபின் எவ்வளவு வாதித்தாலும் கடன் தீராது. வில்வத்திலிருந்த குரங்கு தன் விருப்பத்தால் இலையை இட்டது. இவைகளோ காட்டினின்று பிடிக்கப்பட்டுக் கூண்டிலே பூட்டப்பட்டு உபகாரஞ் செய்விக்கப்பட்டன. கடன் இதனாற் குறையுமா, கூடுமா என்பதை ஆசிரியர்களே நிச்சயிக்க.

சிம்பன்சி ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழவல்லது. ஆய்வுகூடத்துக்கு அது வேண்டப்படுவது அவ்வாயுளில் ஒரு பகுதிக்கே. எஞ்சிய காலத்தில் அதனை என்செய்வது என்று முன்னாளில் ஒருவரும் எண்ணவில்லை. 1961 ஜனவரி 31 ஆம் திகதி அமெரிக்கர் ஹாம் என்னும் இளஞ் சிம்பன்சியை விண்கலத்தில் வைத்து வானவெளிக்கு அனுப்பினர். பதினேழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த அப்பயணத்திலே அது கற்பித்தபடி விசைகளை இழுத்து, உயிருடன் மீண்டது. அதன்பின்னரே அந்நாட்டு மனிதர் ஏறினர். அதன் படம் உலகெங்கும் அச்சிடப்பட்டது. ஆனால் 1963 முதல் 1980 வரை பதினேழு ஆண்டு அது வாசிங்டன் விலங்கியற் பூங்காவிலே தன்னினத்தின் துணையின்றித் தனியே இருந்தது. கூட்டமாக வாழ்வதே சிம்பன்சியின் இயல்பு. பின்பு வட கரோலினாவிலுள்ள பூங்காவுக்கு மாற்றப்பட்டுத் துணை பெற்றது. 1983 இல் இறந்தது. புகழ் கொடுத்தோர் ஒரு துணையைக் கொடுக்கப் பதினேழு ஆண்டு சென்றது.

பிற்காலத்தார் ஓரளவு திருந்தினர் என்பதையும் சொல்லவேண்டும். 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, அரசாங்கத்துக்குரிய ஆய்வுகூடச் சிம்பன்சிகளில் வேண்டப்படாதவைகளை ஆயுட்காலமெல்லாம் புகலிடத்தில் வைத்துப் பேணுதற்கு ஒரு சட்டம் செய்தனர். பேணுஞ் செலவிற் பெரும்பகுதி அரசாங்கத்தினது. எஞ்சியது நன்கொடையால் வருவது. அவ்வுயிரின் நன்மையையே கருதியன்றி வேறு காரணத்தால் அதனைக் கொல்லுதல் ஆகாது என்றும் அச்சட்டம் விதித்தது. லூசியானா மாகாணத்துக் கீத்வில் என்னும் ஊரில் இருநூறு ஏக்கர் நிலத்தில் அமைந்த சிம்ப் ஹேவன் என்னும் புகலிடம் 2005 முதல் அவைகளை ஏற்றுவருகின்றது. 2015 இலே தேசிய சுகாதார நிறுவனத்தார் தம் சிம்பன்சிகள் யாவற்றையும் ஆராய்ச்சியினின்று விடுவிப்பதாக அறிவித்தனர்.

கூண்டைத் திறந்துவிட்டாற் போதும் என்று எண்ணற்க. பல்லாண்டு இரும்பின்மேலும் சீமெந்தின்மேலும் இருந்த உயிர் புல்லைக் கண்டு அஞ்சும். ஒஸ்திரியா நாட்டிலே, மருந்து ஆராய்ச்சிக்காகக் குட்டிப்பருவத்தில் ஆபிரிக்காவினின்று கொண்டுவரப்பட்ட சிம்பன்சிகள், ஏறக்குறைய முப்பது ஆண்டு சுவருக்குள்ளே கழித்தபின், 2011 இலேதான் முதன்முறை வெட்டவெளிக்கு வந்தன. கதவு திறந்திருந்தும் அவை வாயிலிலே தயங்கின. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல அடிவைத்தன. தனியே வளர்ந்தவை தன்னினத்தின் பாவனையையும் அறியா. யார் மூத்தவர், யாருக்கு வழிவிடுவது, சினத்தவரை எப்படித் தணிப்பது என்பன கூட்டத்தில் வளர்ந்த குட்டி தாயிடத்திற் கற்பவை. இவை கல்லாதவை. ஆதலின் புகலிடத்தார் கம்பிவலைக்கு இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்றாக வைத்து, நாட்கணக்காகப் பார்த்து, இரண்டும் பொறுத்துக்கொள்ளும் எனக் கண்டபின்பே சேர்க்கின்றனர். முதல்வகுப்புக்கு வரும் பிள்ளையை அழவிடாது சேர்க்கும் வித்தையை அறிந்த ஆசிரியருக்கு இப்பொறுமை விளங்கும். ஆராய்ச்சியிலே நோய்க்கிருமி ஏற்றப்பட்டவைகளுக்கு ஆயுள்முழுதும் வைத்தியமும் வேண்டும்.

லைபீரியாவில் நிகழ்ந்தது இதனினும் கருதத்தக்கது. நியூயோர்க் இரத்த நிலையத்தார் 1974 இல் அந்நாட்டிலே ஓர் ஆய்வுகூடம் நிறுவி, சிம்பன்சிகளைக்கொண்டு ஈரலழற்சி ஆராய்ச்சி நடத்தினர். உள்நாட்டுப் போர் மூண்ட காலத்திலும் அங்கிருந்த ஊழியர் அவைகளைக் கைவிடவில்லை. ஆராய்ச்சி முடிந்தபின் அவை ஆற்றுத் தீவுகளில் விடப்பட்டன. அத்தீவுகளில் அவைகளுக்குப் போதிய உணவில்லை, குடிக்கத்தக்க நன்னீருமில்லை. படகிலே கொண்டுசென்று கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. 2015 மார்ச்சு மாதத்திலே, எபோலா என்னுங் கொள்ளைநோயினால் நாடு நொந்திருந்த வேளையில், அந்நிலையத்தார் தம் பொருளுதவியை நிறுத்தினர். பேணவேண்டும் என்னும் கடப்பாடு எந்த உடன்படிக்கையாலும் தமக்கு இல்லை என்றனர். அறுபதுக்கு மேற்பட்ட சிம்பன்சிகள் தீவுகளில் இருந்தன. அவைகளைக் காத்தவர் யாவர்? சம்பளம் நின்றுபோன அவ்வூர் ஏழைத் தொழிலாளர்களே. அவர்கள் தம் குடும்பத்தின் குறையோடு குறையாக, கிடைத்ததைப் படகிலேற்றிச் சென்று கொடுத்துவந்தனர். பின்பு அமெரிக்காவிலுள்ள சீவகாருணிய சங்கத்தார் முன்வந்து அச்செலவை ஏற்றனர். உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னர், 2017 இலே இரத்த நிலையத்தாரும் அறுபது லட்சம் டொலர் கொடுக்க உடன்பட்டனர்.

உடன்படிக்கை இல்லை என்பது சட்டத்துக்கு விடையாகலாம். பேசும் ஆற்றல் இல்லாத உயிர் யாரோடு உடன்படிக்கை எழுதும்?

அற்றேல், அவ்வுயிர்கள் தத்தம் வினைப்பயனையே நுகர்ந்தன, நாம் இடையிற் புகுவது எற்றுக்கு எனச் சிலர் கடாவுவர். நம்மவருள்ளும் இப்படிக் கேட்போர் உளர். வகுப்பிலே மாணாக்கரும் கேட்பர். இது வினைக்கொள்கையைப் பாதி கற்றோர் கூற்று. உயிர்களுக்கு வினைப்பயனை ஊட்டும் அதிகாரம் இறைவனுடையது. அவ்வதிகாரத்தை அவன் எவர் கையிலும் கொடுத்தானல்லன். கூண்டைப் பூட்டியவர் அதனாலே தமக்கு ஒரு வினையை ஈட்டினர். அதன் பயனை உண்டவர் அதிலே பங்கு கொண்டனர். பிறிதோருயிரின் பழவினையைக் காட்டி நம் புதுவினையை மறைத்தல் இயலாது. மனிதர் வறுமையுறும்போது குரங்குக்கு ஏன் பொருள் என்பாருக்கு, லைபீரியாவின் தொழிலாளர் செய்கையே விடையாகும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாது போதல் நேர்மையன்று. பத்தாண்டு வயலுழுத எருதை, கால் தளர்ந்ததும், அது எங்கே போகும் என்று அறிந்துகொண்டே விற்பவர் நம் ஊர்களிலும் உளர். அன்னார் திருநீறும் பூசுவர்.

மேலே சொன்ன அமெரிக்கச் சட்டமும் முற்றுப்பெற்றதன்று. அலமொகோர்டோ என்னும் இடத்திலிருந்த முதிய சிம்பன்சிகள் 44, பயணத்தைத் தாங்கமாட்டா என்று 2019 இலே புகலிடம் அனுப்பப்படாது நிறுத்தப்பட்டன. அது சட்டத்துக்கு மாறு என 2022 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நலிந்த உயிரை நெடுவழி கொண்டுசெல்வது நன்றா, பழகிய இடத்திலே விடுவது நன்றா என்பது எளிதில் தீராத வினாவே. ஆனால் வலிவுள்ள நாளிலே அனுப்பியிருந்தால் அவ்வினா எழுந்திராது. இன்னும், அச்சட்டம் சிம்பன்சிக்கு மாத்திரம் உரியது. ஆர்.எச். என்னும் பெயரைத் தந்த ரீசஸ் குரங்கும் அதன் இனத்தனவும் அதனுள் அடங்கா. இன்றும் ஆண்டுதோறும் பல பதினாயிரம் அவ்வாய்வுகூடங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆராய்ச்சி முடிந்ததும் அவைகளுட் பல கொல்லப்படுகின்றன. நல்லெண்ணமுள்ள அதிகாரி ஒருவர் மனம்வைத்தால், சில, புகலிடங்களுக்குக் கொடுக்கப்படுகின்றன. அப்புகலிடங்களோ சில, பெரும்பாலும் பொதுமக்கள் அனுப்பும் சிறுதொகைகளினாலே நடப்பவை.