தித்திப்பு போன பின் தர்பூசணி

சான்பிரான்சிஸ்கோவில் நிகோ ஃப்ரெச்சியாவும் ஷான் ஓ'சல்லிவனும் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய புரூபப்பின் (பீரைக் காய்ச்சி அங்கேயே விற்கும் மதுக்கூடத்தின்) பெயர் ‘ட்வென்டி ஃபர்ஸ்ட் அமென்ட்மென்ட்’. அங்கே காய்ச்சிய பீர்களில் பெரிதாகப் பேர் வாங்கியது ‘ஹெல் ஆர் ஹை வாட்டர்மெலன்’ என்ற தர்பூசணி கோதுமை பீர். கிளாஸின் விளிம்பில் ஒரு தர்பூசணித் துண்டைச் செருகித் தருவது அங்கே வழக்கமாக இருந்தது. துண்டைக் கண்டதும் நாக்கு தித்திப்புக்குத் தயாராகிவிடுகிறது. முதல் மிடறிலோ தித்திப்பு இல்லை. அது எங்கே போனது என்று தெரிந்துகொண்டவருக்கே இந்தப் பீர் ருசிக்கும்.

அடித்தளம் கோதுமை. பீருக்கு வழக்கமான தானியம் முளைகட்டிய பார்லி. அதில் ஒரு பெரும் பங்கைக் குறைத்துக் கோதுமையைச் சேர்க்கும்போது புரதம் கூடுகிறது. லேசான கலங்கலும், சீக்கிரம் அடங்காத நுரையும், வாயில் மெத்தென்ற பதமும் அதனால் வருபவை. கோதுமையின் ருசி மென்மையானது. இன்னொரு மணம் அதன்மேல் சுலபமாக எடுபடும்.

அடுத்தது ஈஸ்ட். ஜெர்மனியின் பவேரியாவில் கோதுமை பீருக்குப் போடும் ஈஸ்ட், பழமோ மசாலாவோ சேர்க்காமலேயே வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் உண்டாக்கும். அவற்றுக்கு நடுவே தர்பூசணி காணாமல் போய்விடும். அமெரிக்கப் பாணியில் அடக்கமான ஈஸ்டைப் போட்டு, ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பையும் குறைத்துவைப்பார்கள். பழத்துக்கு இடம் விடும் ஏற்பாடு இது.

பழத்தைச் சேர்ப்பது முதல் நொதிப்பு அடங்கிய பிறகு. முன்பே சேர்த்தால், பொங்கி வெளியேறும் கரியமில வாயு வாசனையையும் கூடவே கொண்டுபோய்விடும். தர்பூசணியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. தித்திப்பு போன வழி இதுதான். சிவப்பும் தங்குவதில்லை. அந்த நிறத்தைத் தரும் லைக்கோபீன் தண்ணீரில் கரையாது, சக்கையோடு நின்றுவிடும். கிளாஸுக்கு வருவது வைக்கோல் நிறப் பீர்.

எஞ்சுவது மணம். தர்பூசணியும் வெள்ளரியும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டுக்கும் வாசனை தரும் சேர்மங்களில் சில பொதுவானவை. பழத்தைத் தின்னும்போது தித்திப்பு முந்திக்கொள்வதால் அந்த உறவு நமக்குத் தெரிவதில்லை. பீரில் தித்திப்பு விலகியதும், தோலையொட்டிய வெளிர்ப் பகுதியின் பச்சை வாசனை முன்னுக்கு வருகிறது. பலர் இதைக் குறையென்பார்கள். பழத்தின் இன்னொரு முகத்தைக் காட்டுவதால் எனக்கு இது பெரிய நிறை.

அந்த வாசனையைப் பிடிக்க அவசரம் கூடாது. விளிம்பில் உள்ள துண்டை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். அதைக் கடித்துவிட்டுக் குடித்தால் பீர் வறண்டு தோன்றும். குடிப்பதற்கு முன் முகருங்கள். கடுங்குளிர் வாசனையை அமுக்கும் என்பதால் பீரைச் சற்று நேரம் விட்டுவைப்பது நல்லது. ஒரு மிடறை விழுங்கிய பிறகு மூக்கின் வழியே மூச்சை விடுங்கள். தர்பூசணி அப்போதுதான் தெளிவாகத் தெரியும். ஆல்கஹால் 4.9 சதவீதம்தான் என்றாலும் இது நிதானமாகக் குடிக்க வேண்டிய பீர்.

இத்தனை மெல்லிய மணம் நாள்பட நாள்பட மங்கும். தொட்டிக்கும் கிளாஸுக்கும் இடையே தூரம் குறைந்த புரூபப் இதற்குப் பொருத்தமான இடம். அந்த இடமே சட்டம் மாறியதால் வாய்த்தது. 1920-இல் அமெரிக்கா முழுவதும் அமலுக்கு வந்த மதுவிலக்கை 1933-இல் நீக்கியது அரசியல் சட்டத்தின் 21-ஆவது திருத்தம். பப்பின் பெயர் அதிலிருந்து வந்தது. அதன் பிறகும் காய்ச்சுபவரே சில்லறையாக விற்பதற்குத் தடைகள் நீடித்தன. கலிபோர்னியாவில் புரூபப்புகளுக்கு வழி திறந்தது 1980-களின் தொடக்கத்தில்தான்.

சிரப் ஊற்றியிருந்தால் தித்திப்பு சுலபமாகக் கிடைத்திருக்கும். சர்க்கரையை ஈஸ்டுக்குக் கொடுத்துவிட்டு மணத்தைக் காப்பாற்றுவது கைத்திறன். பழம் சேர்த்த கோதுமை பீரை மதிப்பிட எனக்கு ஒரே கேள்வி போதும்: இனிப்பு இல்லாமலும் அது இன்ன பழம் என்று தெரிகிறதா?