நகராத நெருப்பு

மலேசியாவில், ஜாசின் பக்கத்துப் பால்மரக் காடுகளில் பெரும்பாலானவை செம்பனையாகிவிட்டன. அங்கே உட்கார்ந்து மகேந்திரகிரியை நினைக்கிறேன். திருநெல்வேலிச் சீமையின் தென்கோடி. அனுமன் இலங்கைக்குத் தாவியது மகேந்திர மலையிலிருந்து என்கிறது ராமகதை. அந்தப் பெயர் தாங்கிய மலையடியில் இஸ்ரோ திரவ எரிபொருள் எஞ்சின்களைக் கட்டிப்போட்டு எரியவிடுகிறது. தாவுவது ஸ்ரீஹரிகோட்டாவில். இங்கே எரிவது மட்டும்தான்.

*

தோட்டத்தில் பால்மரப் பாலில் ஆசிட் ஊற்றினால் உறையும்வரை காத்திருக்க வேண்டும். மகேந்திரகிரியில் எரியும் விகாஸ் எஞ்சினில் அந்த அவகாசம் இல்லை. ஹைட்ரசீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்ட கணமே தீப்பிடிக்கும். பற்றவைக்கப் பொறி வேண்டாம். இரண்டும் நஞ்சு. எல்விஎம்3 ராக்கெட்டின் நடு அடுக்கில் இரண்டு விகாஸ்கள் 110 டன்னை ஏறக்குறைய 200 நொடியில் குடித்துத் தீர்க்கின்றன. ஒரு எஞ்சினுக்கு நொடிக்குக் கால் டன்னுக்கும் மேல். அந்த எஞ்சினை இரும்புத் தாங்கியில் பூட்டி, அழுத்தம், வெப்பம், அதிர்வு எல்லாவற்றையும் அளந்தபடி எரிக்கிறார்கள். முடிந்ததும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

*

1974இல் பிரான்சோடு ஒப்பந்தம். இஸ்ரோவின் நம்பி நாராயணனும் அவர் குழுவும் வெர்னோன் நகரில் பிரெஞ்சுப் பொறியாளர்களோடு வேலை செய்து வைக்கிங் எஞ்சினைக் கற்றுக்கொண்டார்கள். அந்த உழைப்புதான் தொழில்நுட்பத்துக்குக் கொடுத்த விலை. அதிலிருந்து பிறந்த விகாஸ் 1985இல் எரிந்து காட்டியது. பிஎஸ்எல்வி ராக்கெட் அதன் துணையோடு முதல்முறை வென்றது 1994 அக்டோபர் 15. இருபது ஆண்டு! அடுத்த மாதமே நம்பி நாராயணனைக் கைது செய்த பொய் வழக்கைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். வெர்னோன் ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்சமே பேசுகிறோம். எனக்கு அது வருத்தம்.

*

2013 ஆகஸ்ட் 19. ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் கிளம்ப 74 நிமிடம் இருக்கையில், விகாஸ் பூட்டிய இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. நிறுத்தினார்கள். அடுக்கையே மாற்றி, 2014 ஜனவரி 5 அன்று அனுப்பினார்கள். அந்த ராக்கெட் மேலே போய்ச் சேர்ந்த நாளைவிட, கிளம்பாத நாளைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

*

மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளும் திரவ எரிபொருள் ராக்கெட்டில்தான் போனது: பசிபிக் தீவு ஒன்றிலிருந்து ஃபால்கன் 1, 2009 ஜூலை 14, நம் நேரம் காலை 11.35. அந்த ராக்கெட்டின் ஐந்தாவது பயணம் அது. முதல் மூன்றும் தோல்வி. 2006இல் முதலாவது விழக் காரணம், உப்புக் காற்றில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டு. மண்ணெண்ணெய் கசிந்து தீப்பிடித்தது. கிளேபாங் கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றின் அரிப்பை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது தோல்வி என்னை விடாமல் யோசிக்க வைக்கிறது. எஞ்சினை அணைத்த பிறகும் மிஞ்சிய சிறு உந்துதலால், பிரிந்த கீழ் அடுக்கு மேல் அடுக்கின்மீது மோதியது. தரைச் சோதனையில் அந்த உந்துதல் கண்ணில் படவில்லை. சுற்றியிருந்த காற்றின் அழுத்தம் அதைவிட அதிகம். பழுதென்று எதுவும் எஞ்சினில் இல்லை. அடுத்த முறை, அணைப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவே சில நொடிகள் கூட்டினார்கள். அவ்வளவுதான், பறந்தது.

*

அப்படியானால், நகராமல் எரியும் நெருப்பு சொல்வது முழு உண்மையில்லை. காற்றே இல்லாத இடத்தில் எஞ்சின் எப்படி உயிர்பெறும் என்பதைத் தரையிலேயே பார்த்தாக வேண்டும். மகேந்திரகிரியில் அதற்கென்று வெற்றிடத்தை உண்டாக்கும் சோதனைக்கூடம் இருக்கிறது. எல்விஎம்3இன் மேல் அடுக்குக்கான சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினை அங்கே மறுபடி மறுபடி பற்றவைத்துப் பார்த்தார்கள். அந்த வரிசையின் ஏழாவதும் கடைசியுமான சோதனை 2024 பிப்ரவரி 13 அன்று நடந்தது. ககன்யானில் அந்த எஞ்சினுக்கு மேலே மனிதர்கள் உட்காரப்போகிறார்கள்.