எயிற்பட்டினம் வழியாகப் போங்கள்

2025 ஜூலையில் புதுச்சேரிக்கு எதிரே கடலில் ஒரு சொகுசுக் கப்பல் வந்து நின்றது. அவ்வளவு பெரிய கப்பல் உள்ளே வர அங்குள்ள துறைமுகத்தில் ஆழம் போதாது. அதனால் பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்துத் தொடங்கிவைத்தாரே, அதே கார்டிலியா கப்பல் பயணம்தான். அந்த வருடம் புதுச்சேரி அனுமதி தரவில்லை. மூன்று வருடம் கழித்துத்தான் கரை கிடைத்தது. வந்தவர்களுக்குச் சில மணி நேரம் ஊரைச் சுற்றிக் காட்டித் திரும்பக் கப்பலேற்றினார்கள்.

எங்கள் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் இப்போது ஆட்கள் கப்பல் பயணம் போகிறார்கள். பிள்ளைகள் சேர்ந்து பெற்றோருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். கப்பல் ஏறும் முன் அரை நாள் சென்னையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்: மெரினா, சாந்தோம், கபாலீசுவரர் கோயில், புனித ஜார்ஜ் கோட்டை. வாழ்நாளெல்லாம் வயலும் கடையுமாக இருந்தவர்கள் அறுபது வயதுக்கு மேல் கடலைக் கடலிலிருந்தே பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம். அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. என் கேள்வி வேறு. ஒரு ஊரை இன்னொருவருக்குக் காட்டுவது என்றால் என்ன? அரை நாள் மட்டுமே இருக்கும் ஒருவரிடம் ஊர்க்காரன் எதைச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எங்கள் கரையில் மிகப் பழைய விடைகள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’. எழுதியவர் பெயர் தெரியாது. வணிகக் கப்பல்களுக்கான கைநூல் அது. சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று வரிசையாக மூன்று துறைகளைச் சொல்கிறது. பொதுகே என்பது புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்றும், சோபட்மா எங்கள் மரக்காணம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இங்கே ஓடும் கலங்களின் வகைகளையும், பெரிய மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்கரா என்ற கலத்தையும் அது குறித்து வைத்திருக்கிறது. எந்தத் துறையில் என்ன சரக்கு இறங்கும், எது விலைபோகும் என்பதே அதன் அக்கறை. கடலோடிக்கு அது போதும். நேர்மையான நூல்.

மற்றொன்று சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று; 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று கிடங்கால் என்ற பெயரில் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் இடம். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாட்டை மதிப்பெண்ணுக்காகப் படித்த எனக்கு, அதில் வரும் ஊர் நான் காய்கறி வாங்கும் ஊர்தான் என்பது உறைக்கவே பல வருடம் ஆயிற்று.

பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். பாட்டு முழுவதும் அவ்வளவுதான். ஆனால் அவன் சொல்லும் விதத்தைப் பாருங்கள். தன் வீட்டின் பழைய நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறான். அடுப்பங்கரையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. கூரை விழுந்து, கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. பசியில் இளைத்த அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். ஊர் வாய்க்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சேர்ந்து தின்கிறாள். அந்த வறுமை தீர வந்த வழியைத்தான் அவன் அடுத்தவனுக்குச் சொல்கிறான். வஞ்சியையும் மதுரையையும் உறந்தையையும் பேச்சில் கொண்டுவந்து, அவற்றின் கொடையும் நல்லியக்கோடனின் கொடைக்கு ஈடாகாது என்கிறான். மூவேந்தர் தலைநகரங்களை ஓரமாக வைத்துவிட்டுத் திண்டிவனத்துக்குப் போ என்று ஒரு மனிதன் சொன்ன ஒரே இடம் இலக்கியத்தில் இதுவாகத்தான் இருக்கும்!

வழியில் முதலில் எயிற்பட்டினம். கடற்கரை ஊர், மரக்காணம் என்பதே பெருவழக்கான கருத்து. தாழை, செருந்தி, முண்டகம், புன்னை என்று பூக்களைச் சொல்கிறான். அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகள் தூங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன என்கிறான். விலைமதிப்பற்ற அந்த அகிலை மீனவப் பெண்ணான நுளைமகள் அடுப்பெரிக்கும் விறகாக்குகிறாள். அவள் அரித்தெடுத்த தேறல் கிடைக்கும், சுட்ட குழல் மீன் கிடைக்கும். அடுத்து வேலூரில் வேட்டுவரான எயினர் வீட்டில் சுட்ட ஆமான் இறைச்சியோடு புளி சேர்ந்த சுடுசோறு. ஆமூரில் உழவர் வீட்டில் நண்டுக் கலவையோடு வெண்சோறு. கடைசியில் நல்லியக்கோடனின் வாயில். பொருநருக்கும் புலவருக்கும் அந்தணருக்கும் அது அடைப்பதே இல்லை. அவனே நின்று பரிமாறுவான்.

ஒவ்வொரு ஊருக்கும் நிலம், பூ, மரம், ஆட்கள் எல்லாம் வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வந்து முடிவது ஒரே சொல்லில்: பெறுவீர்கள். கட்டிய ஆண்டு, உயரம், நீளம் என்று ஒன்றும் இல்லை. எந்த வீட்டில் யார் என்ன கொடுப்பார்கள் என்பதே அந்த ஊரைப் பற்றி அவன் சொல்லும் செய்தி. தான் வாங்கிச் சாப்பிட்ட கைகளை அவன் அறிவான்; அதனால்தான் துணிந்து சொல்ல முடிகிறது.

பாட்டைத் திரும்பப் படித்த பிறகு மரக்காணம் உப்பளத்துக்குப் போயிருந்தேன். பாத்தி பாத்தியாகக் கடல்நீர் தேங்கி வெயிலில் இறுகிக் கிடக்கிறது. வாரிய உப்பைக் கரையில் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருக்கிறார்கள். பனைமர நிழலில் உப்பு சுமக்கும் பெண்கள் சிலர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உள்ளங்கால் வெடிப்புகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கழுவெளி ஏரிக்கு வழி கேட்டேன். “எந்த ஊருப்பா, சாப்டியா?” என்று கேட்டார் ஒரு பெரியம்மா. வழியை அப்புறம்தான் சொன்னார். அதற்குள் தூக்கு மூடியில் கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் என் கையில் இருந்தன. நாள் முழுக்க உப்பு சுமந்து அவர் வாங்கும் கூலியை நினைத்தால் அந்த மூடிக் கூழின் அளவு எனக்குத் தெரியும். உப்பில்லாக் கீரை வெந்த வீட்டிலிருந்து கிளம்பிய பாணன் முதலில் வந்து சேரும் ஊர் இதுதான்.

கூலிக்கு ஊர் காட்டுபவர்களை இங்கே தாழ்த்திப் பேசினால் அது அநியாயம். புதுச்சேரி பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் எதிரே உட்கார்ந்திருந்தபோது கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குழு ஒன்று வந்தது. கூட வந்த வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும்; தொண்டை கட்டியிருந்தது. கதையைச் சொன்னார்: விசயநகர மன்னன் ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டது, உண்மை தெரிந்து இடிக்கச் சொன்னது, அவளே அதை இடித்து அங்கே குளம் வெட்டியது, பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்து நீர் நகருக்கு வந்தது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது. குழுவில் பாதிப்பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எங்க வீட்டுக்கும் அந்தத் தண்ணிதாங்க. எங்க பாட்டி காலத்துலேர்ந்து அதைத்தான் குடிச்சு வளர்ந்தோம்” என்றார் வழிகாட்டி. தலைகள் நிமிர்ந்தன. ஒரு சிறுமி, அந்தக் குளம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டாள். மனப்பாடமாகச் சொன்னதை விட்டுவிட்டு, தான் பெற்றதைச் சொன்ன அந்த நிமிடத்தில் அவர் பாணனாகிவிட்டார். நேரம் குறைவு என்பது தடையே இல்லை. அரை நிமிடத்தில் அதைச் சொல்லிவிடலாம்.

அதைவிடக் கடினமானது இன்னொன்று. நம் ஊரைப் பற்றி இன்று நாம் அப்படி உறுதி சொல்ல முடியுமா? முன்பின் தெரியாத ஒருவரிடம், இந்தத் தெருவில் போங்கள், சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள் என்று சொல்ல முடியுமா? யார் வந்தாலும், எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்காமல்? இரவில் தனியாக வரும் ஒரு பெண்ணிடம்? எங்கள் மாவட்டத்தில் எல்லாத் தெருக்களையும் பற்றி நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொல்ல முடியாத தெருக்களை எனக்குத் தெரியும். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

சொல்லக்கூடிய தெருக்களும் எனக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடி வண்டிகள் நின்றன. எங்கள் தெருமுனையில் லாரியோடு மாட்டிக்கொண்டவர் வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. எதிர்வீட்டு அக்கா அவருக்குச் சோறு போட்டார், ரசம் ஊற்றினார், இரண்டாம் முறையும் போட்டார். அந்த லாரிக்காரர் போகும்போது என்னிடம் சைகையில் திண்டிவனம் எந்தப் பக்கம் என்று கேட்டார். இன்னொரு லாரிக்காரரிடம் அவர் எங்கள் தெருவைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். நிச்சயமாக மழை அளவைச் சொல்லியிருக்க மாட்டார்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு எந்த வழி நல்லது என்று உறவினர்கள் இப்போதும் கேட்கிறார்கள். திண்டிவனம் வழி அகலமான சாலை, சீக்கிரம் போய்விடலாம். நேரம் இருந்தால் மரக்காணம் வழியாகப் போங்கள் என்கிறேன். உப்பளத்துக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் கண் கூசும். பனைமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் வழி கேளுங்கள். கூழ் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். போகும்போது பழமோ பலகாரமோ எடுத்துப் போங்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட.