புகழும் வாய்மையும்

கலைஞன் ஒருவன் மக்களாற் பெரிதும் விரும்பப்படும்போது அவ்விருப்பத்துக்கு அவன் எவ்வளவு கடமைப்பட்டவன் என்னும் வினா பழமையானது. கலை சந்தைப் பண்டமாகிவிட்ட காலத்தில் அவ்வினா புதுக் கூர்மை பெறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நிர்வாணா என்னும் றொக் இசைக்குழுவின் வரலாறு இதனை ஆராய்தற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1991 செப்டெம்பரில் வெளியான அக்குழுவின் 'நெவர்மைன்ட்' என்னும் இசைத்தட்டு, 1992 சனவரியில் மைக்கல் ஜக்சனின் தட்டைப் பின்தள்ளி அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் எய்தியது. வணிக இசைக்கு மாற்றாக எழுந்த குரலே வணிகத்தின் வெற்றிச் சின்னமாயிற்று. அத்தட்டின் மெருகேறிய ஒலி தமக்கு உவப்பன்று எனக் குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் பின்னர் கூறினார். அடுத்த தட்டாகிய 'இன் யூற்றரோ', 1993 பெப்ரவரியில் மினசோற்றா மாநிலத்தில் ஏறத்தாழ இரு வாரங்களில் ஒலிப்பதிவாயிற்று. பதிவாளர் ஸ்டீவ் அல்பினி, கலைஞரின் விற்பனை வருவாயிற் பங்கு கோருதல் அறமன்று எனக் கருதி, உழைப்புக்கு ஒரு தொகையை மட்டும் பெற்றார். கரடுமுரடான அப்பதிவு வெளியீட்டு நிறுவனத்துக்கு மனநிறைவளிக்கவில்லை.

இதனைச் சமரசமற்ற வாய்மை எனப் புகழ்ந்தமைதல் எளிது. ஆயின், பிறர் விரும்புவதையே செய்பவன் பிறர்க்கு அடிமை எனின், பிறர் விரும்புவர் என்பதற்காகவே ஒன்றைத் தவிர்ப்பவனும் அவர்க்கே அடிமையாவான். இருவருக்கும் அளவுகோல் கூட்டமே, படைப்பன்று. இரு பாடல்களின் ஒலிக்கலவையை ஸ்கொட் லிற் என்பவரைக் கொண்டு திருத்துவித்தமை, குழுவினர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகின்றது.

மேலும் கடினமான சோதனை பின்னரே வந்தது. பெருங்கடைத் தொகுதிகள் சில அத்தட்டை விற்க மறுத்தன. 1994 மார்ச்சில் பின்னட்டைப் படமும் ஒரு பாடலின் தலைப்பும் மாற்றப்பட்ட பதிப்பொன்று அவற்றுக்காக வெளியாயிற்று. சிற்றூர் இளைஞர்க்கு அக்கடைகளையன்றி வேறு வழியில்லை என்பதே கூறப்பட்ட நியாயம். அந்நியாயம் போலியன்று, எட்டாத கலை எவருக்கும் பயனளிப்பதில்லை. எனினும், மறைக்கப்பட்டது பாலியல் வன்முறைக்கு எதிரானதெனக் கோபேன் விளக்கிய பாடலின் தலைப்பு. கொடுமையின் பெயரைச் சொல்லாமலே கொடுமையைக் கண்டிக்குமாறு வணிகன் விதித்தான், கலைஞன் இசைந்தான். பாடல் நீக்கப்படவில்லை என்பது ஆறுதல்; பெயர் நீங்கியது இழப்பு.

1994 ஏப்பிரலில், தமது 27ஆம் வயதில், கோபேன் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அத்துயரை அவரது கலையின் வாய்மைக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். அது பிழை. இறப்பு எப்படைப்பையும் மெய்ப்பிப்பதில்லை.

எனவே, விற்பனையை வெறுத்தலும் விரும்புதலும் வாய்மையின் அளவாகா. எதனை விட்டுக்கொடுத்தால் படைப்பு தன் பொருளை இழக்கும், எதனை விட்டுக்கொடுத்தால் படைப்பாளியின் செருக்கு மட்டுமே குறையும் எனப் பகுத்தறிதலே கலைஞனின் அறமாகும். அப்பகுப்பைச் சந்தை செய்து தராது. சந்தைமீதான வெறுப்பும் செய்து தராது.