அவள் வலி, அவள் சொல்

கண்ணில் மெய்நிகர்க் கருவி, காதில் ஹிப்னாடிசக் குரல். தீக்காயக்காரரைப் பனிப்பள்ளத்தாக்கில் உலவவிட்டு வலியையும் பயத்தையும் தணிக்கும் முறையை அமெரிக்காவின் சியாட்டிலில் ஹாஃப்மன், பேட்டர்சன் குழுவினர் உருவாக்கினர். நல்லதுதான். ஆனால், 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் மருத்துவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் மெஸ்மரிசத்தை முதலில் சோதித்தது ஒரு சிறைக்கைதியிடம். சிறைக்குள் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

பிரசவ அறையில் அதற்கு என்ன மதிப்பு? கூடலூரிலிருந்து ஜீப்பேறி ஏலத்தோட்டம் போகும் பெண்ணின் இடுப்புவலியை “பொம்பளைன்னா பொறுத்துக்கணும்” என்றே முடித்துவிடுகிறோம். வலியை நம்பாதவர் கையில் இக்கருவியும் அவள் வாயை அடைக்கவே உதவும். முதலில் அவள் சொல்வதை நம்புவோம். மாட்டலாமா என்று பிறகு அவளையே கேட்போம்.