தண்ணீரில் துப்பாதே

கண்டி வாவிக் கரையில் மல்வத்தை விகாரை. அங்குள்ள பிக்குகளின் ஒழுக்க விதித்தொகுப்பான விநயத்தில் கடைசிச் சேகிய (பயிற்சி) விதி, 75ஆவது, தண்ணீரில் மலசலம் கழிக்காதே, துப்பாதே என்கிறது. மீறினால் சிறையில்லை, தவற்றை ஒப்புக்கொண்டால் போதும். நோயாளிக்கும் அறியாமல் செய்தவருக்கும் குற்றமே இல்லை.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் ஒரு பிரிவோ பொது நீர்நிலையை வேண்டுமென்றே அசுத்தப்படுத்துவதைக் குற்றமாக்கியது. இங்கும் எண்ணம் ஓர் அளவுகோல். நோயாளியை மட்டும் அந்தப் பிரிவு நினைக்கவில்லை.

வாவியின் மிகைநீர் மெத எல என்ற கால்வாய் வழியே மகாவலிக்குப் போகிறது. வழியில் வீட்டுக் கழிவும் சேர்கிறது. மலைச்சரிவில் கழிவுக் குழி தோண்ட இடமில்லாதவர் குழாயை ஓடையில் விட்டால், அது வேண்டுமென்றே செய்ததா?

கன்னொறுவையில் ஜப்பானியக் கடனுதவியோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பின், இணைப்பு எட்டும் தூரத்திலிருப்பவருக்கு அந்தச் சாக்கு செல்லாது. எட்டாத மேட்டு வீட்டுக்காரரை நோயாளியின் பக்கத்தில் நிறுத்துவதே நியாயம்.