எத்தனை ஆண் வாத்தியார்கள்?

ஐரோப்பாவின் இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் படிப்புக்கு மேலே, பட்டப் படிப்புக்குக் கீழே இருக்கும் தொழிற்கல்வியில் எங்கே ஆண் ஆசிரியர்கள் அதிகம்? அட்டவணையைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் ஜெர்மனியில் செவிலியர் பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனைகளோடு சேர்ந்த தொழிற்பள்ளிகளில் நடக்கிறது. பின்லாந்தில் அது பட்டப் படிப்பு. பெண்கள் அதிகம் கற்பிக்கும் ஒரு துறை ஒரு நாட்டில் இந்தப் படியில் நிற்கிறது, இன்னொரு நாட்டில் மேல் படிக்குப் போய்விடுகிறது. ஒரு ஆண்கூட புதிதாக வேலைக்குச் சேராமலேயே ஆண்களின் விகிதம் மாறிவிடும்.

எண் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. எது தொழில், யார் ஆசிரியர் என்று முடிவு செய்த பிறகுதான் எண்ணவே தொடங்குகிறோம். அந்த முடிவு நியாயமானதா என்று கேட்கிறேன்.

நம் நாட்டில் 2019-20 கணக்குப்படி பள்ளி ஆசிரியர்கள் சுமார் 96.8 லட்சம், அதில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். 2021-22இல் உயர்கல்வி ஆசிரியர்களில் பெண்கள் 43 சதவீதம். ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள் இந்த இரண்டு கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்கள் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் தனி. தையல் பிரிவில் பெண்களைப் பார்க்கலாம். பிட்டர், டர்னர், வெல்டர் பிரிவுகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் புதிரல்ல. பயிற்றுநராவதற்குப் பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ. சான்றிதழோ போதாது, அந்தத் தொழிலில் சில ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். தேனியில் பிட்டர் முடித்த பெண் ஒரு லேத் பட்டறைக்குப் போய் வேலை கேட்டால், "இங்க எல்லாம் பசங்கம்மா" என்று திருப்பி அனுப்புவார்கள். அனுபவம் இல்லாததால் அவள் பயிற்றுநராக முடியாது. பெண் பயிற்றுநர் இல்லாத பிரிவில் சேர அடுத்த பெண்ணுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. அதனால் இருக்கிற வரையறைக்குள்ளேயே பெண்களை எண்ணிக் கேட்பது அவசியம். "வரையறையே தப்பு" என்று சொல்லி அந்தக் கணக்கை விட்டுவிடக் கூடாது.

ஆனால் அதோடு முடியவில்லை. கம்பம், தேவாரம், போடிப் பக்கத்திலிருந்து விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். என் பெரியம்மா அப்படிப் போனவர். ஏலக்காய் எல்லாம் ஒரே நாளில் முற்றாது. ஒரே சரத்தில் அடிக்காய் முற்றியிருக்கும், நுனியில் பூ இருக்கும். உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும், தோல் பச்சையாகவே இருக்க வேண்டும். பழுக்க விட்டால் உலர்த்தும்போது பச்சை நிற்காது, ஏலத்தில் விலை கிடைக்காது. தோலை உரித்துப் பார்த்துக்கொண்டே காய் எடுக்க முடியாது. பருமனையும் நிறத்தையும் விரலில் படும் அழுத்தத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். புதிதாக வரும் பெண்ணைப் பக்கத்தில் குந்தவைத்து, அவள் பறித்த இளங்காயைப் பிதுக்கி வெள்ளை விதையைக் காட்டி, "இத விட்டுரு தாயி, அடுத்த சுத்துல வரும்" என்று சொல்லித்தருவது யார்? இது தொழிற்கல்வி இல்லையென்றால் வேறென்ன?

இதற்கு அரசிடம் ஒரு பதில் உண்டு: முன் அனுபவத்துக்குச் சான்றிதழ் தரும் திட்டம். நல்லதுதான். ஆனால் அந்தக் காகிதம் அவரைத் திறமையான தொழிலாளி என்றுதான் சொல்லும். ஆசிரியர் என்று சொல்லாது. முப்பது பேருக்குத் தொழில் பழக்கியவரைச் சோதிக்க வேறொருவர் வருவார்.

சான்றிதழைவிட எனக்கு உறுத்துவது கூலி. எடைக்குக் கூலி தரும் தோட்டத்தில், சொல்லிக்கொடுக்கும் நேரமெல்லாம் பெரியம்மாவின் கூடையில் காய் குறையும். சாயங்காலம் கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதுவது எடையை மட்டும்.